கிளம்பும் பறவைகளைப் பார்க்கப் போனேன்

மார்ச் 20, வியாழன்

சனிக்கிழமை பறவை பார்க்கும் குழுவோடு போகிறேன். மொத்தம் 11 பேர், ஒரு வேன், கூட்டிப்போகிறவர் இந்த நீலகிரி மலையிலேயே பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர். கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவிடம் சொன்னால், "வெயில் காலத்துல என்னடா பறவை வரப்போகுது?" என்கிறாள். வருவதைப் பார்க்க இல்லை அக்கா, கிளம்புவதைப் பார்க்கத்தான். செப்டம்பர், அக்டோபரில் இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் இங்கே வந்து இறங்கியதெல்லாம் மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போகும். இந்த வாரம் பகலும் இரவும் சமம், இனி இரவைவிடப் பகல் நீளும். அந்த வெளிச்சக் கணக்கை வைத்துத்தான் சின்னப் பறவைகள் வழக்கத்துக்கு மேல் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கின்றன. அது இருந்தால்தான் இரவெல்லாம் பறக்க முடியும்.

எனக்கு ஒரே ஆசை காஷ்மீர் ஈப்பிடிப்பான். மூன்று குளிர்காலமாகத் தேடியதில் பெட்டையை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், ஆணை ஒரு முறைகூட இல்லை. மார்ச் முடிந்தால் அடுத்த அக்டோபர்தான்.

மார்ச் 22, சனி

ஐந்தரைக்கே கோத்தகிரியில் வேன் ஏறினோம். தொட்டபெட்டா பிரிவில் இறங்கியபோது விரல் மரத்துப்போகிற குளிர். சிகரத்துக்கு ஏறவில்லை, கீழேயே சோலைக்காட்டை ஒட்டி மெதுவாக நடந்தோம். முதலில் நீலகிரி சிரிப்பான் கூட்டம் சத்தம் போட்டது, அப்புறம் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், இலைச் சருகுக்கு ஒரு சாண் மேலே, கைக்கெட்டும் தூரத்தில். இவை இரண்டும் எங்கேயும் போகாத, இந்த மலையின் சொந்தப் பறவைகள். புதிதாக வந்தவர்கள் இதற்கே நெகிழ்ந்துபோனார்கள். எனக்கும் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காதுதான், ஆனால் இன்று மனசு வேறு எங்கோ இருந்தது.

எட்டு மணி வாக்கில் குழுவில் ஒருவர் செல்போனில் ஈப்பிடிப்பானின் குரலைப் போட்டுவிட்டார். அண்ணன் கோபப்படவில்லை, கையைப் பிடித்து மெதுவாக அணைக்கச் சொன்னார். "இப்போ அதுக்கு ஒவ்வொரு நிமிஷமும் சாப்பாட்டு நேரம் தம்பி. இந்தச் சத்தம் கேட்டா இன்னொரு ஆண் வந்துடுச்சுன்னு நினைச்சு, தீனியை விட்டுட்டுச் சண்டைக்கு வரும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படம் கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை, பறவைக்குத் தீனி போகக் கூடாது.

அதன் பிறகு அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. பாசி பிடித்த வேலிக் கல் ஒன்றில் அது வந்து உட்கார்ந்தது. ஆண்! தொண்டையிலிருந்து மார்பு வரை செங்கல் பொடியைக் குழைத்துப் பூசிய மாதிரி நிறம், அதன் இரு ஓரத்திலும் கரி வைத்து இழுத்ததுபோல் கருப்புக் கோடு. வாலை வெடுக்கென்று தூக்கும்போது அடிவாலின் இரு பக்கமும் வெள்ளை தெரிந்தது. தரையில் குதித்து எதையோ கொத்தி மறுபடி அதே கல்லுக்கு வந்தது, இப்படியே ஏழு முறை எண்ணினேன், எட்டாவது முறை கண் கலங்கி பைனாகுலரில் எதுவும் தெரியவில்லை.

அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது காஷ்மீர்ப் பக்கத்துக் காடுகளில் மட்டும்தான். இங்கிருந்து நேர்கோட்டிலேயே சுமார் 2,500 கிலோமீட்டர். அங்கே காடு அழிவதால் அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வருடத்தில் பாதி அது வாழ்வது நம் மலைகளிலும் இலங்கையிலும்தான். விருந்தாளி என்று சொல்லிச் சொல்லியே அதன் மேல் நமக்குள்ள பொறுப்பைக் குறைத்துக்கொள்கிறோம் என்று தோன்றியது. அங்கே கூடு கட்ட மரம் வேண்டும் என்றால், இங்கே சோலை வேண்டும்.

மதியச் சாப்பாடு தயிர்சாதம், ஊறுகாய், கடைசியில் டீயும் வர்க்கியும்.

பிறகு கோத்தகிரி லாங்வுட் சோலை. வெறும் 116 ஹெக்டேர்தான், கீழே உள்ள ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்து போகிறது. 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததுமே உச்சிக்கிளையில் "சிஸ்-லீ, சிஸ்-லீ" என்று ஒரு குரல். கிரீனிஷ் வார்ப்ளர் என்று இவர்கள் சொல்லும் கதிர்க்குருவி. எட்டு கிராம் இருந்தால் அதிகம். குளிர்காலம் முழுக்கத் தனக்கென்று சில மரங்களைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை அண்டவிடாது, அதற்குத்தான் இந்தக் கூப்பாடு என்றார் அண்ணன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எங்கள் வீட்டுப் பேரி மரத்தில் தினமும் கேட்கிற சத்தம்!

மார்ச் 23, ஞாயிறு

ஆமாம், அதேதான். காலை ஆறரைக்குப் பேரி மரத்தில் கூப்பிட்டது. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோட்டையும் கண்ணுக்கு மேல் வெளிர்ப் பட்டையையும் பார்த்துவிட்டேன். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இது ஐப்பசி மழையப்பவே கத்திக்கிட்டு இருந்துச்சே" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஈப்பிடிப்பானைத் தேடித் தனியாகத் தொட்டபெட்டா போனேன். அந்தக் கல்லுக்கு எதிரே இரண்டு மணி நேரம். வரவில்லை.

பேரி மரத்துக்காரர் இருக்கிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றும் இன்றும் சத்தம் இல்லை. அம்மாவும் துணி காயப்போடும்போது காது கொடுத்துப் பார்த்தாளாம். குறிப்பேட்டில் எழுதினேன்: கதிர்க்குருவி, கடைசியாகக் கேட்டது ஏப்ரல் 25, மாலை 5.40, பேரி மரம், வடக்குக் கிளை.