நல்லூரான் வீதியில் இரண்டு நேர்த்தி

மகன் முப்பதாவது கிழமையிலேயே பிறந்துவிட்டான். ஜெர்மனி ஆசுப்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு கிழமை. "நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைச்சிட்டன், தப்பி வந்தானெண்டால் தேரண்டு வீதியிலை உருண்டு பிரதட்டை செய்வான்" என்று அம்மா யாழ்ப்பாணம் கோப்பாயிலிருந்து ரெலிபோனில் அழுதா. அதே கிழமை என் ஜெர்மன் மாமி, என்ர மனுசனின் அம்மா, அங்கத்தைய யாத்திரைத் தலமான கெவலாரின் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனா.

பதின்மூன்று வருசக் கடன் போன ஆவணியில்தான் தீர்ந்தது.

தேருக்கு முதல்நாள், சப்பரத்தண்டு போய் இறங்கினோம். ஓட்டோக்காரர் என்ர மனுசன், இவரின் வெள்ளை நிறத்தைப் பார்த்து விலை சொன்னார். நான் வாய் திறந்ததும் பாதியாகிவிட்டது. வேட்டிக்கு மேலே பெல்ட் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு நின்றவரை ஒரு ஐயா ஓரமாகக் கூட்டிப்போய் ஒழுங்காகக் கட்டிவிட்டார். அர்ச்சனை ரிக்கற் இன்னமும் ஒரு ரூபாய்தான்.

மூலஸ்தானத்தைப் பார்த்து இவர் மெல்லக் கேட்டார், "சிலை எங்கே?"

"வேல்தான். அதுதான் மூலவர்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கெவலாரிலும் உள்ளங்கையளவு காகிதப் படம்தானே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முருகா.

தேரண்டு விடியமுன்னமே வீதி நிறைந்துவிட்டது. ஈரவேட்டியோடு மகன் மணலில் படுத்தான். பின்னால் நான் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு வந்தேன். தெற்கு வீதி திரும்பமுன்னமே பிள்ளைக்குத் தலைசுற்றிச் சத்தி வந்துவிட்டது. இவர் ஓடிவந்து, "காணும், நிற்பாட்டுவோம்" என்று ஜெர்மனில் சொல்ல, நானும் தடுமாறிவிட்டேன். ஆரோ ஒரு அம்மம்மா போத்தல் தண்ணியை அவன் தலையில் ஊற்றி, "மெல்ல உருளு ராசா, கந்தன் எங்கை ஓடிப்போறான்?" என்றா. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிற பிள்ளை, "ஓம் அம்மம்மா" என்றுவிட்டுத் திரும்பவும் உருண்டான். முதுகெல்லாம் சிவந்து, காதுக்குள் மணல். கோவில் வாசலுக்கு வந்துதான் எழும்பினான். அரோகரா என்று கத்தினேனா அழுதேனா தெரியாது.

ஆறுமுகசுவாமி தேருக்கு எழுந்தருளினபோது கைகூப்பினவர்களைவிட போன் தூக்கினவர்கள்தான் கூட. எனக்கு முன்னுக்கு நின்றவரின் திரையில்தான் வள்ளி தெய்வானையைக் கண்டேன். இடிபாட்டில் செருப்பும் போனது. போகட்டும். தேரால் இறங்கிப் பச்சை சாத்தி வந்த கோலத்தை மட்டும் எந்தப் போனும் மறைக்கவில்லை, கண் நிறையக் கண்டேன்.

கச்சான் வாங்கிக்கொண்டு கோப்பாய்க்குப் போனோம். கால் ஏலாத அம்மா படலையடியில் கதிரை போட்டுக் காத்திருந்தா. பேரனைத் திருப்பி முதுகைத் தடவினா. ஒட்டியிருந்த மணலை நுள்ளிக் கடதாசியில் வைத்து, திருநீறும் போட்டு மடித்தா. யுத்தத்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, எல்லாத்தையும் விட்டுவிட்டு நாவற்குழிப் பாலம் கடந்தபோதும் அவ சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தது இப்படியொரு திருநீற்றுப் பொட்டலத்தைத்தான்.

"இந்தா, இதை உன்ர மாமியிட்டைக் குடு. அவவும் நேர்ந்தவதானே."