வாவித் தண்ணிக்குள் இருக்கும் பழைய கணக்கு

நேற்று பின்னேரம் மட்டக்களப்பு வாவிக்கரையில், குருமண்வெளித் துறையடியில் நின்றேன். மாமா அத்தாங்கை, அதுதான் இறால் பிடிக்கும் கைவலையை, தண்ணிக்குள் போட்டு இழுத்தார். உள்ளே நாலு சின்ன இறால், மிச்சமெல்லாம் பச்சைப் பாசி. வலைக் கண்ணில் சளி மாதிரி ஒட்டியிருந்தது. "முந்தி இந்த இடத்தில் காலடி மணல் தெரியும் மகன்" என்றார்.

தண்ணி கெட்டுப்போனதற்கு இன்று கொட்டும் குப்பையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் காட்டை வயலாக்கியது. சோறு கிடைத்தது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் கல்லோயா ஆற்றின் இடதுகரை வயல்களின் வடிநீர் இந்தப் பக்கம்தான் வருகிறது, உரத்தையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு. அதை வடிகட்டிக்கொண்டிருந்த கரையோரக் கண்ணா மரங்களையும் (சதுப்புநில மரங்கள்) யுத்த காலத்தில் பல இடங்களில் வெட்டிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடிச்சேறுதான். உரத்திலுள்ள பொசுபரசு சேற்றில் தங்கிவிடும். வெயில் காலத்தில் முகத்துவாரம் மணலால் மூடி, தண்ணி அசையாமல் கிடந்து, அடியில் ஒட்சிசன் குறைந்தால் அந்தப் பொசுபரசு திரும்பவும் மேலே கிளம்பும். பாசி பெருகும். இரவில் அந்தப் பாசியே ஒட்சிசனை இழுக்க, விடியற்காலையில் மீன் வாய் பிளந்து மிதக்கும். அதாவது, இன்றைக்கே உரத்தை நிறுத்தினாலும் அப்பா காலத்து உரம் இன்னும் பல வருசம் பாசியை வளர்க்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிற உறவுகளே, வாய்க்கால் ஓரத்துப் புல்லையும் பற்றையையும் தயவுசெய்து வழிக்காதீர்கள். உரம் போட்ட கையோடு வரம்பைத் திறந்து விடவும் வேண்டாம். கண்ணா நட விருப்பமானவர்கள் கீழே எழுதுங்கள். மாரிக்கு முதல் மாமாவின் தோணியில் போய் விதை பொறுக்கலாம்.