திருக்கோட்டியூருக்குத் திரும்பிப் போன விளக்கு

இரண்டு மாசி மகத்துக்கு முன்பு திருக்கோட்டியூர் பெருமாள் கோயில் தெப்பக்குளத்தில் இருந்து எடுத்து வந்த விளக்கு. குளக்கரையில் ஏற்றி வைத்திருக்கும் விளக்கு ஒன்றை வேண்டிக்கொண்டு எடுத்து வந்து, வேண்டியது நடந்ததும் மாசி மகத்தில் திரும்பக் கொண்டுபோய் ஏற்றி வைப்பது அங்கே வழக்கம். காசும் துளசியும் போட்டு, மஞ்சள் துணியில் கட்டி, பூஜை அறையில் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். வேண்டுதல் ஒன்றுதான். எங்கள் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூர் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். 11 வருஷம் இருந்த இடம். ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கடன் பாதியில் நிற்கிறது, பையன் பத்தாம் வகுப்பு.

போன மாசிக்கு விளக்கைத் திருப்ப முடியவில்லை. கேட்டது நடந்தால்தானே? விசா வரும் வரும் என்று எட்டு மாதம் காத்திருந்து, அதுவும் இல்லை என்று ஆனது. விளக்கேற்றும்போது அந்த மஞ்சள் முடிச்சைப் பார்க்கவே எனக்குக் கோபம் வரும். பெருமாளிடம் கோபித்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி. இரண்டு மணி இருக்கும். அத்தை வளவில் விழுந்து கிடந்தார்கள், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வீட்டுக்காரர் அப்படியே தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு காரைக்குடிக்குப் பறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சிங்கப்பூரில் இருந்திருந்தால்? நானும் பையனும் அந்த நேரத்தில் யாரை எழுப்பியிருப்போம்? ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த மஞ்சள் முடிச்சு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அழுத அழுகை அத்தைக்காக மட்டும் இல்லை.

இப்போது அவர் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் முன்பு வாங்கியதில் கால்வாசி. கடன் அப்படியேதான் இருக்கிறது. மாசி பிறந்ததும் எனக்கு ஒரே குழப்பம். கேட்டது கிடைக்கவில்லையே, விளக்கைத் திருப்பலாமா, கூடாதா? கம்பை ஊன்றி வந்து நின்ற அத்தைதான், இன்னும் திருந்தாத பேச்சில் மெதுவாகச் சொன்னார்கள்: "நீ கேட்டதையா குடுக்கணும் ஆத்தா? அவன் பாத்துக் குடுத்துட்டான். கொண்டுபோயி வையி."

சரி என்று கிளம்பினோம். திருப்பத்தூரில் இறங்கினால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆட்டோவில் கேட்ட தொகையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குளத்தை நெருங்கினால் விளக்கு விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பக்கத்து வழியாகக் கூட்டிப்போகிறேன், 300 கொடுங்கள் என்று ஒருவர் கூடவே வந்தார். பெருமாளைப் பார்க்க வந்த இடத்தில் இப்படிப் பேரம் பேசுவது மனசுக்கு வலிக்கிறது. வரிசையிலேயே நின்றோம்.

உள்ளே உரகமெல்லணையான் பெருமாள் சன்னதியில் நின்றது அரை நிமிஷம்கூட இருக்காது. வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கடன், பையன் படிப்பு, அத்தை கை. திரை விலகி, தீபாராதனை வெளிச்சத்தில் அந்தத் திருமுகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. திருக்கோட்டியூர் நம்பி என்ற ஆசாரியரிடம் மந்திர உபதேசம் கேட்டு ராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் இருந்து 18 முறை நடந்து வந்த ஊர் இது. 'நான் வந்திருக்கிறேன்' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நம்பி திருப்பி அனுப்பினார். 'அடியேன்' என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. சின்ன வயசில் இருந்து கேட்ட கதைதான். ஆனால் இரண்டு வருஷமாக நான் கேட்டதெல்லாம் 'எனக்கு இது வேண்டும்' என்றுதானே? பின்னால் இருந்து தள்ளுகிறார்கள், முன்னால் 'நகருங்க நகருங்க' என்கிறார்கள். அடியேன் என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்குள் அடுத்தவர் தோள் மறைத்துவிட்டது. என்ன கருணை அது! கேட்காததைக் கேட்காமலேயே கொடுத்த கருணை.

குளக்கரை முழுக்க விளக்குகள். படியில் இடம் பிடித்து முடிச்சை அவிழ்த்தேன். துளசி பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐந்து ரூபாய்க் காசு விளிம்பில் கறுத்திருந்தது. எண்ணெய் ஊற்றி, புதுத்திரி போட்டு ஏற்றினால் காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. தீப்பெட்டியில் கடைசி இரண்டு குச்சி. மேல்படியில் இருந்த ஓர் ஆச்சி ஒன்றும் பேசாமல் தன் விளக்கைச் சாய்த்து என் திரியில் வைத்தார்கள். பற்றிக்கொண்டது. சேலையெல்லாம் எண்ணெய். எங்கள் வீட்டுக்காரர் குனிந்து இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பக்கத்தில் புதிதாக வாங்கிய இன்னொரு விளக்கையும் ஏற்றி வைத்தேன்.

தெப்பம் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு சின்னப் பெண்ணும் அவள் புருஷனும் படியில் இறங்கி வந்தார்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் பழைய விளக்கின் முன்னால் நின்று, "இதை எடுத்துக்கலாமாக்கா?" என்றாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.

"எடுத்துக்கம்மா. காத்து அடிக்குது, கையால மறைச்சுப் புடிச்சுக்க."