பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்டினால், திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடியும் அதே லாகின் பக்கத்துக்கே வந்து நின்றது. பாஸ்வேர்ட் தப்பு என்றும் சொல்லவில்லை. கேப்ஸ் லாக்கைப் பார்த்து நிதானமாக ஐந்தாவது முறையும் அடித்தேன், அதேதான். மறுநாள் காலையில் அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. பேக்கப் எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்து நாலு மாதம்தான். பென்டிரைவைச் செருகி மறுபடி இன்ஸ்டால் செய்துவிடலாம் என்று கை பரபரத்தது. அதற்கு முன்னால், எனக்கு முதன்முதலில் லினக்ஸ் போட்டுக்கொடுத்த அண்ணனுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். உடனே கூப்பிட்டார்.

"பொறு தம்பி. ரீஇன்ஸ்டால் பண்ணா இப்போதைக்குப் பிரச்சினை போயிடும். ஆனா எதனால வந்துச்சுன்னே தெரியாது, திரும்ப வரும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்து."

அழுத்தினேன். கறுப்புத் திரை, லாகின் என்று ஒரே ஒரு வரி. பெயரைக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒரு நட்சத்திரக் குறிகூட வரவில்லை, கீபோர்டும் போய்விட்டது என்றே நினைத்தேன். "அங்கே அப்படித்தான், எதுவும் காட்டாது, அடிச்சு என்டர் தட்டு" என்றார். உள்ளே போய்விட்டேன். அந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. கணக்கு கெடவில்லை, ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன, டெஸ்க்டாப் மட்டும்தான் எழும்ப மறுக்கிறது.

அடுத்து, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் 'டிஎஃப் -எச்' கமாண்டை அடித்து, திரையை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "கடைசி வரி வரலையே, முழுசா எடு" என்று பதில் வந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனால் இரண்டாவது படத்தில்தான் விஷயம் இருந்தது: 100 சதவீதம் நிரம்பிவிட்டது, மிச்சம் 0. டெஸ்க்டாப் எழும்பும்போது ஹோம் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலை எழுத வேண்டும். அதற்குக்கூட இடமில்லாததால்தான் லாகின் பக்கத்துக்கே திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கிறது.

அப்போது அவர் சொன்ன ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான எக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே, வேறு எதுவும் சொல்லாவிட்டால், 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்குக்கென்று, ஒதுக்கிவிடுவார்கள். நமக்கு 0 என்று காட்டினாலும் ரூட் கையில் கொஞ்சம் இடம் இருக்கும். மாட்டிக்கொண்ட நேரத்தில் மெஷினைச் சரிசெய்யத்தான் அந்த ஏற்பாடு. என்னைப் போன்ற ஒருவருக்காக என்றோ யாரோ யோசித்து வைத்தது போலிருந்தது.

இடத்தைத் தின்றது எது என்று தேடினோம். 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்' ஃபோல்டர். மெஷினில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஃபைல்கள் அங்கேதான். அதில் சிஸ்லாக் 31 ஜிபி, கெர்ன் லாக் 30 ஜிபி. அவர் அடுத்ததைச் சொல்வதற்குள் நானே கெர்ன் லாக்கை 'ஆர்எம்' போட்டு அழித்துவிட்டேன். மறுபடி டிஎஃப் பார்த்தால் ஒரு எம்பிகூடக் குறையவில்லை! பயந்தே போனேன்.

அவர் கோபப்படவில்லை. லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, ஃபைல் வேறு. ஆர்எம் அழிப்பது பெயரைத்தான். லாக் எழுதும் சர்வீஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அது விடும்வரை இடம் திரும்ப வராது. சிஸ்லாக்கை அழிக்காமல் 'ட்ரங்கேட்' கமாண்டால் அளவை 0 ஆக்கச் சொன்னார். பிறகு லாக் எழுதும் அந்த ஆர்சிஸ்லாக் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தோம். 61 ஜிபி திரும்பி வந்தது. டெஸ்க்டாப்பும் வந்தது.

நான் நன்றி சொல்லி வைக்கப் போனேன். "இன்னும் முடியல" என்றார். லாக் ஏன் அவ்வளவு பெருத்தது? அதன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் ஒரே செய்தி நொடிக்குப் பல தடவை வந்துகொண்டிருந்தது: பிசிஐஇ பஸ் எரர் (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பாதையில் பிழை), கூடவே 'கரெக்டெட்' என்ற சொல். வைஃபை கார்டுக்கும் போர்டுக்கும் இடையே சின்னப் பிழைகள். ஹார்ட்வேரே அவற்றை உடனுக்குடன் திருத்திக்கொள்கிறது. ஆனால் திருத்திய ஒவ்வொரு தடவையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை எழுதி வைக்கிறது.

இரண்டு வழி சொன்னார், இரண்டின் விலையையும் சொன்னார். கெர்னலுக்கு 'பிசிஐ=நோஏஇஆர்' என்று கொடுத்தால் செய்தி வராது, பிழை உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும். 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' என்று கொடுத்தால் பிசிஐஇ இணைப்புகளின் மின்சிக்கன அமைப்பில் கெர்னல் கைவைக்காது, பிழையே நிற்க வாய்ப்புண்டு, பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம். இரண்டாவதை எடுத்தேன். மெஷின் ஆன் ஆனதும் லினக்ஸை ஏற்றும் புரோகிராமான கிரப்பின் ஃபைலை நேராகத் திருத்த அவர் விடவில்லை. பூட் ஆகும்போது கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். தப்பாகப் போனால் ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும், பழையபடி ஆகிவிடும். பத்து நிமிடம் லாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஃபைலில் எழுதி, அப்டேட்-கிரப் கொடுத்து நிரந்தரமாக்கினோம். மொழிபெயர்ப்பை விடிவதற்குள் அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு தோழி கூப்பிட்டாள். அதே லாகின் சுழல். எனக்கு விடை தெரிந்துவிட்ட மாதிரி வாய் துறுதுறுத்தது. ஆனாலும் முதலில் டிஎஃப் படம் கேட்டேன். பாதி டிஸ்க் காலியாக இருந்தது. நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால், ஒரு தப்பும் செய்யாத லாக்குகளை அழிக்கச் சொல்லியிருப்பேன். ஹோம் ஃபோல்டரில், ஒவ்வொரு ஃபைலும் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ் -எல்ஏ' போடச் சொல்லி, வந்த படத்தை வரிவரியாகப் படித்தேன். மேல் ஃபோல்டரைக் குறிக்கும் '..' வரியை விட்டால் எல்லா வரியிலும் அவள் பெயர், டெஸ்க்டாப் எழும்பும்போது எழுத வேண்டிய 'எக்ஸ்அதாரிட்டி' என்ற ஃபைலில் மட்டும் ரூட், ரூட்.

"சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தோட, ஏதாவது விண்டோ புரோகிராம் திறந்தியா?"

"ஆமா, நேத்து டெக்ஸ்ட் எடிட்டர். எப்படித் தெரியும்?"

'சிஎச்ஓன்' போட்டு அந்த ஃபைலை அவள் பெயருக்கே மாற்றினோம். டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஆனால் அவள் ஃபோனை வைக்கவில்லை, ஒரு ஃபைல் எப்படி இன்னொருவர் பெயருக்குப் போகும் என்று கேட்டாள். மேலும் அரைமணி நேரம் பேசினோம்.