வலது மூலையில் ஒரு எண்

கோயம்புத்தூரில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் மொத்தமே ஏழு பேர். ஸ்பின்னிங் மில்களுக்குச் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லாம் விபி6-ல், அதாவது விஷுவல் பேசிக் 6 என்ற மொழியில். 2004-ல் மில் ஆபீஸ்களில் இருந்தவை பெரும்பாலும் 128 எம்பி ராம் போட்ட மெஷின்கள். அதிலேயே டாலி ஓடும், ஆன்டிவைரஸ் ஓடும், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த யாராவது சாலிட்டேர் திறந்து வைத்திருப்பார்கள். அதற்கு நடுவில் எங்கள் ப்ரோக்ராமில் சம்பளப் பட்டியல் போட்டால் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும், திரை அப்படியே உறைந்து நிற்கும். பழி எங்கள் மேல்தான் விழும்.

முதலாளி ஒரு வழி சொன்னார். ப்ரோக்ராம் எழும்போதே மெமரி எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்த்துவிடு. 64 எம்பிக்குக் குறைவாக இருந்தால் ‘மற்ற ப்ரோக்ராம்களை மூடவும்’ என்று சொல்லி நிறுத்திவிடு. கூடவே அந்த எண்ணை ஸ்டேட்டஸ் பாரின் வலது மூலையில் காட்டிவிடு. கடைசியாகச் சேர்ந்தவன் நான். வேலை என் தலையில் வந்தது.

விண்டோஸில் இதற்கென்றே குளோபல்மெமரிஸ்டேட்டஸ் என்று ஒரு ஏபிஐ, அதாவது ப்ரோக்ராம்கள் விண்டோஸைக் கூப்பிட்டுக் கேட்கும் வழி, இருந்தது. கூப்பிட்டால் மொத்த ராம் எவ்வளவு, காலி ராம் எவ்வளவு, ராம் போதாதபோது விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலில் எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லும். நான் காலி ராமையும் பேஜ் ஃபைலில் மிச்சம் இருப்பதையும் கூட்டி, எம்பிக்கு மாற்றி, மூலையில் போட்டேன். அரை நாள் வேலை. பெயர் பேஜ் ஃபைல் என்று இருந்தாலும் அந்த எண்ணில் ராமும் சேர்ந்தே வருகிறது, நான் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது தெரியாது. எண் பெரிதாகத் தெரிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்து வருஷம் ஒரு புகார் கூட வரவில்லை.

2009-ல் பல்லடம் ரோட்டில் உள்ள ஒரு மில்லிலிருந்து போன். அங்கே கணக்குப் பார்ப்பவர் அறுபதை நெருங்கியவர். என் குரல் கேட்டாலே ‘தம்பி’ என்றுதான் ஆரம்பிப்பார்.

“தம்பி, புதுசா கம்ப்யூட்டர் வாங்கியிருக்கறோமுங்க. 4 ஜிபி. உங்க ப்ரோக்ராம் எந்திரிக்கவே மாட்டேங்குது. ஏதோ ஆறுங்குது, ஓவருங்குது.”

எங்கள் ஆபீஸில் 4 ஜிபி மெஷின் ஒன்று கூடக் கிடையாது. பஸ் பிடித்துப் போனேன். திரையில் அந்தச் சின்னச் சாம்பல் பெட்டி: ரன்-டைம் எரர் 6, ஓவர்ஃப்ளோ. விபி6-ல் லாங் என்ற வகை எண் 32 பிட். அதில் ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சொல்லவே போய்விடும். மீதியில் கொள்வது அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அந்தப் பழைய ஏபிஐயும் எங்களுடையது போன்ற ப்ரோக்ராம் கேட்டால் 2 ஜிபிக்கு மேல் வாய் திறக்காது. எவ்வளவு இருந்தாலும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளும். புது மெஷினில் காலி ராமும் அந்த உச்சியைத் தொட்டிருந்தது, பேஜ் ஃபைல் கணக்கும் தொட்டிருந்தது. நான் எழுதிய ஒற்றை வரி அந்த இரண்டையும் கூட்டப் போய் வெடித்திருக்கிறது. மெமரி போதாவிட்டால் காப்பாற்றுவதற்காக எழுதிய வரி, மெமரி தாராளமாக இருந்த முதல் நாளிலேயே ப்ரோக்ராமைக் கொன்றுவிட்டது.

பெரியவரிடம் மழுப்பாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “இடம் பத்தலீன்னு நின்னா ஒரு நாயமுங்க தம்பி. இடம் ஜாஸ்தியா இருக்குதுன்னு நிக்கறது என்ன நாயம்?”

அன்றைக்கு அந்த வரியை ஓடாதபடி கமென்ட் ஆக்கி ஒரு புது எக்ஸ்ஈ ஃபைலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். முறையான தீர்வு குளோபல்மெமரிஸ்டேட்டஸ்எக்ஸ் என்ற புதிய ஏபிஐ. அது 64 பிட் எண்ணாகத் தருகிறது. ஆனால் விபி6-ல் 64 பிட் முழு எண்ணுக்கு வகையே கிடையாது. அதற்கு அந்தக் காலத்து விபி ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறுக்குவழி இருந்தது: கரன்சி வகை. பணக்கணக்குக்காகச் செய்த வகை அது. உள்ளே 64 பிட் முழு எண்தான், காட்டும்போது மட்டும் கடைசி நாலு இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வைத்துவிடும். வாங்கியதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் சரியான பைட் கணக்கு. பெருக்காமல் விட்டால் 4 ஜிபி என்பது 429496.7296 என்று வந்து நிற்கும், யாரோ தொழிலாளியின் பிஎஃப் பாக்கி மாதிரி. சம்பளக் கணக்கு எழுதும் கம்பெனியில் மெமரியையும் ரூபாயாகத்தான் எண்ண வேண்டியிருந்தது என்று ஆபீஸில் சிரித்தோம்.

அதிலும் முதல் தடவை சறுக்கினேன். அந்த ஏபிஐ பதிலை நிரப்பித் தருவதற்காக நாம் கொடுக்கும் ஸ்ட்ரக்சர் என்ற படிவத்தில் அதன் நீளத்தை, 64 பைட் என்று, நாமே முதலில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பவில்லை. அது வேலை செய்ய மறுத்து 0 என்று திருப்பி அனுப்பியது; திருப்பி அனுப்பியதை நான் பார்க்கவும் இல்லை. மூலையில் ‘0 எம்பி’. உடனே என்னுடைய 64 எம்பி சோதனை விழித்துக்கொண்டு ‘மற்ற ப்ரோக்ராம்களை மூடவும்’ என்றது. மூட அங்கே வேறு ப்ரோக்ராமே இல்லை. நல்லவேளை, இது ஆபீஸோடு முடிந்தது.

நீளத்தை நிரப்பி, கூட்டலையும் விட்டதும் எண் சரியானது. சரியான எண் எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை என்பது அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் தெரிந்தது.

மில்லில் தீபாவளி என்றால் போனஸ். அப்போதிருந்த 1965-ம் வருஷத்துப் போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. எந்தச் சதவீதம் என்று பேசி முடிவதற்கே கடைசி வாரம் ஆகிவிடும், அதன்பிறகு ஒரே இரவில் பட்டியல் வேண்டும். அதே மில். 800 பேர். ஒரு வருஷத்து வருகைப் பதிவு முழுவதையும் நான் ஒரே அரேயில், அதாவது மெமரியில் சேர்ந்தாற்போல் நிற்கும் ஒரே வரிசையில், ஏற்றியிருந்தேன். 800 பேருக்கு 365 நாள் என்றால் 2,92,000 வரி. தேவையான கட்டங்களை மட்டும் எடுக்கச் சோம்பல்பட்டு டேபிளில் இருந்த எண்பது கட்டத்தையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொரு கட்டமும் எந்த வகை மதிப்பையும் கொள்ளும் ஒரு வேரியன்ட், ஒரு வேரியன்ட் 16 பைட். பெருக்கிப் பாருங்கள்: 37 கோடி பைட்டுக்கு மேல், 356 எம்பி. அதற்குள் இருக்கும் பெயர், டிபார்ட்மென்ட் போன்ற எழுத்துகளுக்கு ஆகும் இடம் தனி. போதாததற்கு அரே நிரம்ப நிரம்ப ரீடிம் ப்ரிசர்வ் என்ற கட்டளை போட்டு நீட்டிக்கொண்டே போனேன். நீட்டுவது என்று நாம் சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் நடப்பது வேறொரு பெரிய இடத்தை எடுத்து, பழையதை அங்கே நகலெடுத்து, பிறகு பழையதை விடுவது. நகலெடுத்து முடியும்வரை இரண்டும் வேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். “தம்பி, இப்ப ஏழாம் நம்பருங்க.” எரர் 7, அவுட் ஆஃப் மெமரி. “மூலையில 1,412 எம்பி இருக்குதுன்னு உங்க ப்ரோக்ராமே சொல்லுது. அதுவே மெமரி இல்லேன்னும் சொல்லுது. எதை நம்பட்டும்?”

பதில் தெரியாமல் எங்கள் சீனியர் அண்ணாவை எழுப்பினேன். அவர் டாஸ் காலத்து ஆள், டர்போ பாஸ்கலில் பழகியவர். தூக்கக் கலக்கத்திலேயே சொன்னார்: “பாஸ்கல்ல ரெண்டு ஃபங்ஷன் இருந்துது. மெம்அவைல்னா மொத்தம் எவ்வளவு மிச்சம். மேக்ஸ்அவைல்னா சேர்ந்தாப்புல கிடைக்கற ஒரே பெரிய துண்டு எவ்வளவு. நீ முதல் கேள்வியைக் கேட்டுட்டு ரெண்டாவது பதிலை எதிர்பாக்கறே. கல்யாணப் பந்தியில இருபது இலை காலியா இருக்கும்டா. குடும்பத்தோட அஞ்சு பேர் போய்ப் பாரு, பக்கத்துப் பக்கத்துல அஞ்சு இலை இருக்காது.”

விஷயம் அதேதான். மூலையில் நான் காட்டியது மெஷினின் கணக்கு. என் ப்ரோக்ராமுக்கு விண்டோஸ் கொடுத்திருந்த முகவரிப் பரப்பு, அதாவது அது புழங்கக்கூடிய மொத்த இடம், 2 ஜிபி மட்டும். 4 ஜிபி ராம் போட்டாலும் அது நீளாது. அந்த 2 ஜிபிக்குள்ளும் டிஎல்எல்கள் என்ற துணை ஃபைல்கள் அங்கங்கே பாய் விரித்துப் படுத்திருந்தன. நானே விட்டுவிட்டு வந்த பழைய அரேக்களின் பொந்துகள் வேறு. சேர்ந்தாற்போல் நானூறு எம்பிக்கு இடமில்லை.

அன்றிரவு மெமரியைச் சோதிக்கும் வேறு வழி எதையும் தேடவில்லை. ஒரு தொழிலாளியின் 365 வரியை மட்டும் எடுத்து, போனஸைப் போட்டு, எழுதிவிட்டு, அடுத்தவருக்குப் போகும்படி மாற்றினேன். கட்டமும் எண்பதிலிருந்து ஆறாகக் குறைந்தது. 128 எம்பி மெஷினில் கூட ஓடியிருக்கும். விடிவதற்குள் பட்டியல் பிரிண்ட் ஆகிவிட்டது. அந்த 64 எம்பி சோதனைக்கு அதன்பிறகு வேலையே இல்லை, எடுத்துவிட்டேன்.

பிறகு சென்னைக்கு வந்து லினக்ஸ் சர்வர்களோடு மாரடித்தபோது அதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. கண்காணிப்புக்கு இருந்த ஸ்கிரிப்ட், லினக்ஸ் தன் மெமரிக் கணக்கைக் காட்டும் /ப்ராக்/மெம்இன்ஃபோவில் மெம்ஃப்ரீ என்ற வரியைப் படித்து, 5 சதவீதத்துக்குக் கீழே போனால் எஸ்எம்எஸ் அனுப்பும். லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமையெல்லாம் எடுத்து, படித்த ஃபைல்களை அதில் வைத்துக்கொள்ளும்; அதுதான் கேஷ். யாராவது கேட்டால் காலி செய்து கொடுத்துவிடும். ஆக, ஆரோக்கியமாக இருக்கும் சர்வரில் மெம்ஃப்ரீ எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். இரண்டு வாரம் தினமும் பின்னிரவு இரண்டு மணிக்கு, பேக்கப் ஓடும் நேரம் பார்த்து, என் போன் அலறியது. கேஷையும் சேர்த்துக் கூட்டிக்கொள் என்றார்கள். கூட்டினேன், போன் அமைதியானது. ஒரு மாதம் கழித்துச் சத்தமே இல்லாமல் சர்வர் படுத்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பகிர்ந்துகொள்ளும் மெமரியும் அந்தக் கேஷ் கணக்கில்தான் வருகிறது, அதை யார் கேட்டாலும் காலி செய்து தர முடியாது. இப்படி ஆளாளுக்கு ஒரு கூட்டல் போட்டுத் தவறுவதைப் பார்த்துத்தான் கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், 2014-ல் வந்த 3.14 வெர்ஷனில் மெம்அவைலபிள் என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அதுவும் ஒரு மதிப்பீடுதான், ஆனால் மதிப்பிடுவது கர்னலே. பாஸ்கலின் பழைய பெயரை ஏறக்குறைய அப்படியே அங்கே பார்த்தபோது அண்ணாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது.

ஒரு மெஷினுக்குள் ஒவ்வொரு ப்ரோக்ராமையும் தனித்தனிப் பெட்டியில் வரம்பு போட்டு அடைக்கும் கன்டெய்னர் காலத்துக் கதை இதற்கு அண்ணன். 64 ஜிபி மெஷினில் 2 ஜிபி வரம்பு போட்டு ஒரு கன்டெய்னருக்குள் ஜாவாவை உட்கார வைத்தோம். பழைய ஜாவா வரம்பைப் பார்க்காது, மெஷினைப் பார்க்கும். அதில் கால் பங்கு, 16 ஜிபி, தனக்கு என்று எடுத்துக்கொள்ளத் துணியும். 2 ஜிபியைத் தாண்டியதும் கர்னல் கழுத்தைப் பிடித்துவிடும். லாகில் ஒரு வார்த்தை இருக்காது, பலவந்தமாக நிறுத்தப்பட்டதன் அடையாளமாக, வெளியேறிய எண் 137 மட்டும்.

இப்போது யாராவது ‘முதலில் மெமரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கிறேன்’ என்று கோட் எழுதிக்கொண்டு ரிவ்யூவுக்கு வந்தால், பார்த்த நொடிக்கும் எடுக்கும் நொடிக்கும் நடுவில் வேறொருவன் எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்று கேட்கிறேன். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எப்படியும் எழுதத்தான் வேண்டும். அதை எழுதிவிட்டால் முன்னால் பார்ப்பது எதற்கு? பெரும்பாலும் பதில் வராது. கேஷுக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எத்தனை த்ரெட் போடலாம் என்று ஆரம்பத்தில் ஒரு அளவு முடிவு செய்யப் பார்க்கிறேன் என்றால் தாராளமாகப் பார் என்பேன். லினக்ஸில் இன்னொரு வம்பும் உண்டு: கேட்டால் சரி என்று கொடுத்துவிடும், தொடும்போதுதான் இல்லை என்று தெரியவரும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் ரிவ்யூ மதியத்தைத் தாண்டிவிடும்.

அந்த மூலை எண்ணின் கதையை விட்டுவிட்டேன். சோதனையை எடுத்த கையோடு, அடுத்த வெர்ஷனில் ஸ்டேட்டஸ் பாரில் இருந்த எண்ணையும் எடுத்துவிட்டேன். யாருக்கும் பயனில்லாத எண்; நானே தப்பாகக் கூட்டி ஐந்து வருஷம் காட்டியது. அப்டேட் போன மறுநாள் காலையில் பல்லடம் ரோட்டிலிருந்து போன்.

“தம்பி, அந்த மூலையில ஒரு நம்பர் இருக்குமுங்களே, காணமே?”

அது தேவையில்லை அய்யா, அதனால் எடுத்துவிட்டோம் என்றேன்.

“உங்களுக்குத் தேவையில்லீங்க. இங்க பையன் பக்கத்து சீட்டுல சினிமா போட்டுப் பாத்துட்டிருந்தா அது சட்டுனு எறங்கும். நான் என் சீட்ல இருந்துட்டே ‘டேய், மூடுறா’ன்னு சொல்லுவேன். எனக்கு எப்படித் தெரியுதுன்னு அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க.”

பக்கத்து சீட்டில் இருப்பது வேறு கம்ப்யூட்டர் ஆயிற்றே, அதில் சினிமா ஓடினால் உங்கள் மெஷினில் எப்படி இறங்கும் என்று கேட்க வாய் வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது: மில்லில் சினிமா ஃபைல்கள் இருந்ததே இவருடைய மெஷினின் ஷேர்டு ஃபோல்டரில். பையன் இங்கிருந்துதான் எடுத்துப் பார்த்திருக்கிறான். ஃபைலை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் விண்டோஸ் அதற்காக இவர் ராமில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வெர்ஷனில் எண்ணைத் திரும்ப வைத்தேன். இந்தத் தடவையும் கூட்டாமல்.