ஓரத்தில் ஒரு கேள்வி

துறையில் முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் இலக்கிய மீளாய்வின் முதல் வரைவை என் ஆய்வு நெறியாளர் இன்று மதியம் திருப்பிக் கொடுத்தபோது, பதினொரு பக்கங்களிலும் சேர்த்து ஓரத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

“இவர்கள் சொல்வது புரிகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

அழித்துவிடலாம் என்பதுபோல மெல்லிய பென்சில் எழுத்து.

வங்கிக் கணக்குத் தொடங்க முகவரிச் சான்றும், வாடகை ஒப்பந்தத்துக்கு வங்கிக் கணக்கும் கேட்கப்பட்ட அந்த வட்டத்திலிருந்து மூன்று வாரங்களில் வெளியே வந்ததையே, வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பழகிவிட்டதன் அடையாளமாக நான் எண்ணியிருந்தேன். (அதுவும் எளிதன்று.) ஆனால் நாற்பது கட்டுரைகளைப் பிழையின்றிச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் முறையாக மேற்கோள் காட்டி, எவரையும் மறுக்காமல் எழுதுவதே நல்ல மாணவருக்கு அழகு என்று இத்தனை ஆண்டுகள் பழகிய மனம் மட்டும், விமானம் ஏறாமலேயே இருந்திருக்கிறது. பணிவு என்று நான் நினைத்தது இங்கே வெற்றிடமாகப் படிக்கப்படுகிறது.

இரவு மறுபடி கோப்பைத் திறந்தேன். பலரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வின் முடிவுக்குக் கீழே, “ஆனால் இதன் தரவு ஒரே நிறுவனத்தின் மாணவர்களிடம் மட்டுமே திரட்டப்பட்டது, எனவே இதைப் பொதுமைப்படுத்த இயலாது” என்று எழுதினேன்.

மூன்று முறை அழித்தேன். நான்காவது முறை விட்டுவிட்டேன்.