வாடிய அடீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், பாதிக் கிழங்கு போய்விட்டது

ஏழு வருடமாக வளர்த்த அடீனியம் (பாலைவன ரோஜா என்பார்களே, அடித்தண்டு கிழங்கு மாதிரி பருத்திருக்கும் செடி) போன நவம்பரில் கைவிட்டுப் போகப் பார்த்தது. பிழைத்துவிட்டது, ஆனால் அடிக்கிழங்கில் பாதிதான் மிச்சம். இப்போதும் அந்தத் தொட்டியைக் கடக்கும்போது மனசு கலங்குகிறது. சென்னையில் மொட்டைமாடியில் சக்குலன்ட் (சதைப்பற்றில் தண்ணீர் சேர்த்துவைக்கும் செடிகள்) வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்து ஒரு செடியையாவது காப்பாற்றினால் எனக்கு அது போதும்.

தப்பு செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. பெரிய தொட்டிக்கு மாற்ற நர்சரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பாதிக்குமேல் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மீதி செம்மண் என்று கலந்து நட்டுக் கொடுத்து, "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஊத்துங்க மேடம், கோகோபீட் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். நம்பினேன். கோகோபீட் மேலே காய்ந்து வெளுத்துக் கிடக்கும், விரலை உள்ளே விட்டால் ஈரம் பிசுபிசுக்கும். ரோஜாவுக்கு அது நல்லது. அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வறண்ட பாறை நிலத்தில் வளர்கிற செடிக்கு, அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால், அதைப் போட்டிருக்கவே கூடாது.

மழை பிடித்தது. பத்து நாளில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அம்மா பார்த்துவிட்டு, "மேல்மண்ணு காஞ்சு கெடக்குடி, செடி வாடுது, கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னும் ஊற்றினேன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் செடியை இழக்கிறார்கள். வேருக்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேண்டும். மண் நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், பித்தியம் மாதிரியான வேரழுகல் கிருமிகள் உள்ளே புகும். செத்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவிலேயே நின்றுகொண்டு இலை வாடும். பார்க்க அச்சு அசலாகத் தாகம் மாதிரியே இருக்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கிழங்கை அமுக்கிப் பாருங்கள். தாகத்தில் இருக்கும் அடீனியம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாகத் தளர்ந்திருக்கும், ரப்பர் பந்து மாதிரி, தோல் ஒட்டியே இருக்கும். அழுகினது ஒரு இடத்தில் மட்டும் பொதபொதவென்று போகும். நான் அமுக்கியபோது மண்மட்டத்தில் கட்டைவிரல் அப்படியே உள்ளே போனது, தோல் வழுக்கி நகர்ந்தது, பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. அழுகின உருளைக்கிழங்கு நாற்றம். டிசம்பர் குளிரில் அடீனியம் தானாகவே இலை கொட்டுவது உண்டு, கிழங்கு கல் மாதிரி இருந்தால் கவலை வேண்டாம்.

தொட்டியை ஆட்டோவில் வைத்து மழையில் நர்சரிக்கே போனேன். "போச்சு மேடம், புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சாஃப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். எப்படி வெட்டுவது, எவ்வளவு காயவைப்பது, ஒரு வார்த்தை இல்லை. சாஃப் என்பது கார்பன்டசிமும் மேன்கோசெப்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி. வெட்டின காயத்தில் புதிதாகப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அது உதவும். ஏற்கெனவே அழுகின சதையை எந்தப் பொடியும் திருப்பித் தராது, அதை வெட்டி எறிவது ஒன்றுதான் வழி.

வீட்டுக்கு வந்து வேரைக் கழுவி, பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டினேன். முதல் தடவை கை வரவில்லை. ஏழு வருடத்துக் கிழங்கு, மனசு கேட்கவில்லை. வெள்ளைச் சதைக்கு நடுவே தீக்குச்சி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டுப் பொடி தடவி, இரண்டே நாளில் மறுபடி நட்டேன். ஒன்பதாம் நாள் மறுபடியும் பொதபொத. அந்தக் கோடு வழியாகவே அழுகல் ஏறியிருந்தது.

இரண்டாவது தடவை இரக்கம் பார்க்கவில்லை. வெட்டுமுகம் முழுக்க ஒரே நிறமாக, கெட்டியாக, புள்ளிகூட இல்லாமல் வரும்வரை சீவினேன், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைத்தேன். துடைக்காவிட்டால் கத்தியே அழுகலை நல்ல சதைக்குக் கொண்டுபோகும். கையுறை கட்டாயம் போடுங்கள். அடீனியத்தின் பால் விஷம், ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். கண்ணில் படக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் செடியைத் தலைகீழாகக் கட்டி, அறைக்குள் ஃபேனுக்கு அடியில் பன்னிரண்டு நாள் தொங்கவிட்டேன். வெயில் காலத்தில் ஒரு வாரம் போதும், மழை ஈரத்தில் காயம் சீக்கிரம் காயாது. வெட்டின இடம் தோல் மாதிரி இறுகி, நகத்தால் தட்டினால் டொக்கென்று கேட்க வேண்டும். மிச்சக் கிழங்கு சுருங்கியது, பயந்தேன், ஆனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

நடுவில் புது மண்கலவைக்கு மணல் தேடி ஒரு நாள் வீணானது. கட்டடச் சாமான் கடைக்குப் போனால் லோடு கணக்கில்தான் தருவார்களாம், ஒரு பை கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டில் மாவு மாதிரி தூள் அதிகம், சலித்துக் கழுவாமல் போட்டால் சிமெண்ட் பூசின மாதிரி இறுகிவிடும். கடைசியில் பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் அண்ணன், "எவ்ளோ வேணுமோ அள்ளிக்கம்மா" என்று அரை மூட்டை உடைந்த செங்கல் கொடுத்தார். அதைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, மூன்று பங்கு செங்கல், ஒரு பங்கு கரித்துண்டு, ஒரு பங்கு மண்புழு உரம் என்று கலந்தேன். கோகோபீட் ஒரு கைப்பிடிகூட இல்லை. தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் அடியில் வடிகிறது. தொட்டிக்கு அடியில் ஜல்லி பரப்பினால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேலே இருக்கும் மண் நுண்ணியதாக இருந்தால் தண்ணீர் ஜல்லிக்கு மேலேயே தங்கி நிற்கும்.

நட்டபிறகும் பத்து நாள் தண்ணீர் இல்லை. பொங்கல் கழிந்து நான்காம் நாள் காலை கிளை நுனியில் மிளகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

அதே மழையில் எச்சிவேரியா (ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கிய சின்னச் சக்குலன்ட்) மூன்று போய்விட்டன. தண்டு கறுத்து, இலை நீர்கோத்துக் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டாலே நைந்து விழுந்தது. ஒன்றில் மட்டும் மேல்வரிசையில் கெட்டியாக நான்கு இலை இருந்தது, அவற்றைக் காய்ந்த மண்ணின் மேல் சும்மா வைத்தேன், அதில் இரண்டு இலைகள் வேர் பிடித்தன.

இப்போது எல்லாத் தொட்டியிலும் ஒரு மூங்கில் குச்சி சொருகி வைத்திருக்கிறேன். அடிவரை போன குச்சி உலர்ந்து வந்தால் மட்டும் தண்ணீர், ஊற்றினால் துளை வழியாக வடியும்வரை. தொட்டிக்கு அடியில் தட்டு இல்லை. இந்த வருடம் புரட்டாசி கடைசியிலேயே எல்லாவற்றையும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிட்டேன். அம்மாதான் குச்சியை உருவிப் பார்க்கிறார், கன்னத்தில் வைத்து. விரலைவிடக் கன்னத்துக்குத்தான் ஈரம் நன்றாகத் தெரியுமாம். நானும் வைத்துப் பார்த்தேன், உண்மைதான்.